நரகாசுரனுக்கு வாய்தா

வளைகுடாவுக்குப் புதுத்தாலியோடு விமானம் ஏறிய பெண்கள் எழுதும் நினைவுக் கட்டுரைகளில் தவறாமல் ஒரு ஜன்னல் வரும். அதன் வழியே அவள் பாலைவனத்தைப் பார்ப்பாள். அம்மா வைக்கிற ரசம் ஞாபகம் வரும். பொலபொலவென்று கண்ணீர் வரும். நானும் 1998-ல் துபாய்க்குப் போனவள்தான். எங்கள் அறையிலும் ஜன்னல் இருந்தது. திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகள் தெரியும். பாலைவனம் பார்க்க டாக்சி பிடித்துப் போக வேண்டும், அதற்கு வசதி இல்லை. அழுதது உண்மைதான். ஆனால் டெலிபோனில் மட்டும், நிமிஷக் கணக்கில் காசு கட்டி அழுதது. ரிசீவரை வைத்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷவர்மா சாப்பிடக் கிளம்பிவிடுவோம்.

கல்யாணமான முதல் வருஷத்தை மாமியார், நாத்தனார், இரண்டு பக்கத்துச் சித்தப்பாக்கள், எதிர்வீட்டுப் பாட்டி ஆகிய அனைவருக்கும் எட்டாத தூரத்தில் கழிப்பது பெரிய யோகம். அந்த யோகம் வாய்த்தவர்கள் யாரும் அதை வெளியே சொல்வதில்லை. “பாவம், பொண்ணு தனியா என்ன பண்றாளோ” என்று ஊரே உச்சுக்கொட்டும்போது, “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னால் திமிர் என்பார்கள். எனவே ஏக்கம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்ன பயம், சொல்லிவிடுகிறேன்.

முதலில் விசா. எங்கள் ஜாதகங்களில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். பட்டியலிலேயே இல்லாத ஒன்றை ஜோசியர் பார்க்கவில்லை, எமிரேட் அரசாங்கம் பார்த்தது. மாப்பிள்ளைக்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், இல்லையேல் 3,000 திர்ஹமும் குடியிருக்க இடமும் இருந்தால்தான் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இதைவிட நேர்மையான பொருத்தம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அடுத்து, கல்யாணம் நடந்ததா என்ற கேள்வி. மாயவரத்தில் அக்கினி சாட்சியாக, அம்மி சாட்சியாக, மூன்று பந்தி சாப்பிட்டுவிட்டு சாம்பாரில் உப்பு குறைவு என்று சொன்ன உறவினர்கள் சாட்சியாக நடந்த கல்யாணம் செல்லாதாம். பதிவாளர் சான்றிதழ் வேண்டும். அதன் முதுகில் சென்னையில் ஒரு முத்திரை, தில்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு முத்திரை, பிறகு எமிரேட் தூதரகத்தில் ஒரு முத்திரை. அக்கினி பகவான் ஒரே ராத்திரியில் முடித்த வேலையை இத்தனை அலுவலகங்கள் சேர்ந்து மாதக்கணக்கில் முடித்தன.

ஒருவழியாக விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில் தொழில் என்ற இடத்தில் ‘ஹவுஸ்ஒய்ஃப்’ என்றும், கூடவே வேலை செய்ய அனுமதி இல்லை என்றும் அச்சடித்திருந்தது. கணிதத்தில் பட்டம் வாங்கிய பெண் மனம் உடைய வேண்டிய கட்டம் இது. நான் உடையவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி இவர் வந்து நின்றால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பிரித்துக் காட்டுவேன்.

“ஆசைதாங்க. சட்டம் இடம் கொடுக்கலையே. பிடிச்சா நாடு கடத்திடுவாங்களாம்.”

“அப்ப சமையல்?”

“அதையும்தான் யோசிச்சிட்டிருக்கேன்.”

இவர் ஒரு டிரேடிங் கம்பெனியில் அக்கவுண்டன்ட். எழுத்தில் இருப்பதை மதிக்கிற ஜாதி. இஸ்திரியை அவரே போட்டுக்கொண்டார்.

வீடு கராமாவில். வீடு என்றுதான் ஊருக்குக் கடிதம் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தால் ஒரு படுக்கையறையில் சாலக்குடிச் சேச்சியின் குடும்பம், இன்னொன்றில் கீழக்கரைப் பையன்கள், ஹாலை பிளைவுட்டால் மறித்த பாதியில் நாங்கள். இதற்கு அங்கே ‘ஷேரிங்’ என்று பெயர். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தது என்பதை இப்போதும் சொல்லாமல் விடுவதே நல்லது. ஃபிரிட்ஜில் நடுத்தட்டு எங்களுடையது. அடுப்பு காலையில் ஆறு மணிவரை சேச்சிக்கு, பிறகு எனக்கு. பையன்கள் வெள்ளிக்கிழமை மட்டும் உள்ளே வந்து பிரியாணி வைப்பார்கள், அதில் எங்களுக்கும் பங்கு வரும் என்பதால் நான் எல்லைத் தகராறு செய்ததில்லை.

பிளைவுட் கண்ணுக்குத்தான் சுவர், காதுக்கு இல்லை. இதைப் புதுமணத் தம்பதியிடம் விளக்க வேண்டியதில்லை. பையன்கள் தங்கமானவர்கள். நாங்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியாது. செய்தி வாசிப்பவர் திடீரென்று கத்த ஆரம்பித்தால் சேச்சி உட்பட மொத்த வீட்டுக்கும் நாங்கள் உள்ளே போய்விட்டோம் என்று தெரிந்துவிடும். சும்மா தலைவலி என்று படுத்த நாட்களிலும் செய்தி கத்தியது.

கொஞ்சலுக்காவது டிவி உதவியது. சண்டைக்கு எங்கே போவது? கிசுகிசுத்துப் போட்டால் சண்டைக்கு மரியாதை இல்லை. இதற்கு வழி காட்டியது ஆப்ரா. துபாய் நகரை நடுவில் பிளந்துகொண்டு உள்ளே வரும் உப்பங்கழிக்கு க்ரீக் என்று பெயர். இந்தக் கரை பர்துபாய், அந்தக் கரை தேரா. நடுவே ஆப்ரா என்கிற மரப்படகு அப்போது ஆளுக்கு 50 ஃபில்ஸுக்குக் கொண்டுபோய்விடும். அதன் டீசல் என்ஜின் போடும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் என்ன கத்தினாலும் அடுத்தவருக்குக் கேட்காது. ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிப்போம். ஐந்து நிமிஷத்தில் அக்கரை வந்துவிடும் என்பதால் சுருக்கமாகப் பேச வேண்டும். “உங்கம்மா எங்கம்மாவை நிச்சயதார்த்தத்துல ஏன் அப்படிப் பார்த்தாங்க” என்பது போன்ற பழைய வழக்குகளை எடுக்க நேரம் கிடையாது. தேராப் படித்துறை வந்தும் தீரவில்லை என்றால் இன்னும் ஒரு திர்ஹம் கொடுத்து அதே படகில் திரும்ப வேண்டும். திர்ஹம் பதினோரு ரூபாய்க்கு மேல் விற்ற காலம். அக்கவுண்டன்ட் மனசில் உடனே பெருக்கல் ஓடும். அக்கரைக் கட்டடங்கள் பெரிதாகத் தெரியத் தெரிய இவர் குரல் இறங்கும், இறங்கும்போது முழுசாக விட்டுக்கொடுத்திருப்பார். குடும்பநல நீதிமன்றங்கள் வேண்டுமானால் இந்த யோசனையை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

மொழி விஷயம் தனி அவமானம். என் பெரியப்பா 1965-ல் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போய்ப் போலீஸ் அடி வாங்கியவர். மூன்று தலைமுறைக்கு எங்கள் குடும்பத்தில் இந்தி நுழையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரபு நாட்டில் இறங்கிய முதல் வாரத்திலேயே பட்டாணிய டாக்சி டிரைவரிடம் “சீதா சலோ பாய்” என்று அதட்டினேன். அரபி தேவையே படவில்லை. காய்கறிக்கு மலையாளம், டாக்சிக்கு இந்தி, தையல்காரருக்கு உருது, சேச்சியிடம் சண்டைக்கு என்ன மொழி வருகிறதோ அது. அரபு நாட்டுக்குப் போய்வந்தவளிடம் அரபி சொல்லு என்று மாயவரத்தில் எல்லோரும் கேட்டார்கள். “யல்லா ஹபீபி” என்றேன். பெரியப்பாவுக்குப் பரம சந்தோஷம். இந்தியை நான் சொல்லவில்லை.

மாடிக்குக் கீழே கிராசரி. மலப்புரத்துப் பையன் நடத்தியது. போன் செய்தால் ஒரு கட்டுக் கொத்தமல்லியைக்கூட மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்து, நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு போவான். அந்தப் பையன் இல்லையென்றால் வளைகுடாவில் பாதிக் குடும்பங்கள் கொத்தமல்லி இல்லாத ரசம் குடித்திருக்கும்.

இந்தப் பின்னணியில் வந்தது எங்கள் தலைதீபாவளி.

முறைப்படி அது பெண் வீட்டில் நடக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மோதிரம், வேட்டி, பட்டாசு, மைத்துனன் பணிவிடை, மாமனாரின் பதற்றம் எல்லாம் உண்டு. மாப்பிள்ளை என்கிற பதவியின் உச்சம் அந்த ஒரு நாள்தான். அந்த உச்சம் இவருக்குப் பறிபோனதில் எனக்கு வருத்தம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டேன். 1998 தீபாவளி அக்டோபர் 19, திங்கட்கிழமை. அங்கே அப்போது வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமை. லீவு கேட்டதற்கு மாதக் கணக்கு முடியட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதனால் நரகாசுரனை வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைத்தோம். பல யுகங்களாகச் செத்துக்கொண்டிருப்பவனுக்கு நாலு நாள் வாய்தா கிடைத்தால் ஆட்சேபிக்கவா போகிறான்? சத்தியபாமாவும் புருஷனோடு வேலை நிமித்தம் வெளியூர் போன பெண்டாட்டிதான். அவளுக்குக் கருடன் இருந்தது, விசா கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாயவரத்துக்கு இதைச் சொல்ல முடியாது. திங்கட்கிழமை ராத்திரி, கட்டணம் குறைகிற நேரம் பார்த்துப் பொது டெலிபோனுக்குப் போய் 30 திர்ஹம் கார்டைச் செருகினோம்.

“கங்கா ஸ்நானம் ஆச்சாடி?”

“ஆச்சும்மா. விடியக்காலை நாலு மணிக்கே.”

“மாப்பிள்ளைக்கு எண்ணெய் வெச்சியா?”

“வெச்சேம்மா.”

இவர் பக்கத்தில் ஆபீஸ் டையோடு, எண்ணெய் காணாத தலையோடு நின்று, மாமனாரிடம் பேசும்போது மட்டும் கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அம்மா அழுதாள். நானும் அழுதேன். கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. நேரே போய் ஆளுக்கு ஒரு ஃபலூடா சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை ஸ்நானம் நிஜமாகவே நடந்தது. அதற்கு வெந்நீர் போட வேண்டியதில்லை. அங்கே தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில் வெயிலில் காய்கிறது. கோடையில் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை வெந்துவிடும். அந்த ஊர்க் குடும்பஸ்தர்கள் வெந்நீர் ஹீட்டரை அணைத்துவிட்டு, அதில் தேங்கி ஆறிய தண்ணீரைக் குளிர்நீராகப் பயன்படுத்துவார்கள். அக்டோபரில் சூடு இதமாக இருக்கும், எண்ணெய்க் குளியலுக்கு அளவெடுத்த பதம். துபாய்த் தண்ணீர் கடல்நீரில் உப்பை நீக்கி எடுத்தது. கங்கை எங்கும் எழுந்தருளுவாள் என்று பெரியவர்கள் சொல்வதை நம்பி, பாரசீக வளைகுடாவைத் தலையில் ஊற்றிக்கொண்டோம். சீயக்காய் சாக்கடையை அடைத்துக்கொண்டது. சேச்சி கத்தினாள். அதையும் பண்டிகைச் சத்தமாக எடுத்துக்கொண்டோம்.

லேகியம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அந்நாளில் ஊரிலிருந்து எது வந்தாலும் ‘ஆள்’ மூலம்தான் வரும். லீவு முடிந்து திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். அம்மா தீபாவளி லேகியமும் முறுக்கும் கொடுத்தனுப்பிய ஆள், வேறு மூன்று மாமியார் வீட்டு லேகியங்களையும் சேர்த்துச் சுமந்து வந்தார். விமானம் பறக்க ஆரம்பித்த பிறகு பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுவாக்கில் பயமுறுத்தியிருக்கிறார்: கறுப்பாக, பிசுபிசுவென்று, வாசனையாக எது இருந்தாலும் துபாய் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்களாம். போதைப்பொருள் இல்லை, ஜீரண மருந்து என்று எந்த மொழியில் சொல்வது? மனிதர் யோசித்தார். தூக்கியெறிய மனசில்லை, நாலு வீட்டு நெய். இறங்குவதற்குள் நாலு டப்பாவையும் தானே தின்று தீர்த்துவிட்டார். வந்து முறுக்கை மட்டும் கொடுத்தார். அவர் முகத்தில் தெரிந்த ஞானத்தை நான் வேறெந்தச் சாமியாரிடமும் கண்டதில்லை. சுங்கத்தில் அவர் பையை யாரும் திறந்தே பார்க்கவில்லையாம்.

சாயங்காலம் பர்துபாய் கோயில். 1958-லிருந்து அங்கே இருந்த கோயில், பெரிய மசூதிக்குப் பின்னால் சந்துக்குள். கோபுரம் கிடையாது, மாடிப்படி ஏறிப் போனால் சாமி. சந்து முழுக்கப் பூக்கடை, தேங்காய்க்கடை. ஒரு முழம் மல்லிகையின் விலையைக் கேட்டதும் இவர் உதடு அசைந்து பெருக்கல் போட்டதைப் பார்த்தேன். வாங்கிக்கொடுத்தார். தலைதீபாவளிக்கு மாமனார் மாப்பிள்ளைக்குச் செய்ய வேண்டிய செலவைவிட அந்தப் பூ அதிகம் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

பட்டாசுதான் சிக்கல். அனுமதி இல்லாமல் வெடித்தால் குற்றம். சரவெடி இல்லாமல் தலைதீபாவளியா என்று இவருக்குப் பொறுக்கவில்லை. கம்பெனிக் கோடவுனிலிருந்து, மின்சாதனங்களைச் சுற்றி வருகிற குமிழி பிளாஸ்டிக் தாளை ஒரு சுருளாகத் தூக்கிவந்தார். ஹாலில் விரித்தோம். நான், இவர், சேச்சியின் குழந்தைகள், கீழக்கரைப் பையன்கள் எல்லோரும் ஏறிக் குதித்தோம். பட்பட்டென்று ஐயாயிரம் வாலா தோற்றது. புகை இல்லை, குப்பை இல்லை, காது மட்டும் அடைத்தது. கீழ் வீட்டுக்காரர் புகார் சொல்லி நாத்தூர் மேலே ஏறிவந்தார். நாத்தூர் என்றால் கட்டடக் காவலாளி. பெஷாவர்காரர், ஆறடிக்கு மேல். கதவைத் திறந்ததும் எல்லோரும் உறைந்து நின்றோம். அவர் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் மீதியிருந்த ஒரு முழத்தை மிதித்துத் தீர்த்துவிட்டு, “பஸ், கலாஸ்” என்று சொல்லி இறங்கிப் போனார்.

அடுத்தது பொங்கல். 1999 பொங்கல் ரம்ஜான் மாதத்தில் விழுந்தது. நோன்பு மாதத்தில் அங்கே சட்டப்படி வேலை நேரம் இரண்டு மணி குறையும், நோன்பு வைக்காதவர்களுக்கும்தான். புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு எந்த அரசாங்கமும் இதைவிட நல்ல பரிசு கொடுத்ததில்லை. அப்போது பகலில் வெளியே பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதால் இவர் வீட்டுக்கு வரும்போதே பசியில் வாடி, நான் எதைப் போட்டாலும் அமிர்தம் என்பார். என் சமையலுக்குப் பேர் வந்தது அந்த மாதத்தில்தான்.

பொங்கலுக்கு என்னிடம் இருந்தது குக்கர். விசில் அடித்தால் பொங்கியதாகக் கணக்கு, “பொங்கலோ பொங்கல்” சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. பால் வழிந்தே ஆக வேண்டும் என்பது இவர் கட்சி. கடைசியில் தனியாக ஒரு பாத்திரத்தில் பாலை வைத்து, அது எந்தத் திசையில் வழிகிறது என்று இருவரும் குனிந்து பார்த்தோம். கிழக்கே வழிந்தால் நல்லது. கராமாவில் கிழக்கு எது என்று இருவருக்கும் தெரியாது. தொழுகைத் திசை பையன்களுக்கு அத்துப்படி. மேற்கு அங்கே என்று கையைக் காட்டினார்கள், அதற்கு எதிர்ப்பக்கமாகப் பாத்திரத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தோம். அந்த வருஷம் இவருக்குச் சம்பள உயர்வு வந்தது, எனவே முறை செல்லும்.

சர்க்கரைப் பொங்கலை நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு தூக்கில் கட்டட முதலாளி வீட்டுக்கு அனுப்பினேன். தூக்கு வெறுமனே திரும்பி வரக் கூடாது என்பது அரபு வீடுகளிலும் வழக்கம் போலிருக்கிறது. நிறைய ஏதோ போட்டு வந்தது. வெள்ளையாக, குழைந்து, மேலே நெய் மிதந்தது. அச்சு அசல் வெண்பொங்கல். இவர் ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அது ஹரீஸ். கோதுமையையும் இறைச்சியையும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து மசித்தது. பண்டிகை நாளில் அசைவம் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் தலை போகும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பிளைவுட் தடுப்பு, கடல், இரண்டு நாடுகளின் குடியேற்றத் துறைகள் என்று பாதுகாப்பு பலமாகத்தான் இருந்தது. தூக்கு காலியானது.

ராத்திரி போன்.

“வெண்பொங்கல் வெச்சியாடி?”

“ஆமாம்மா. நல்லாக் குழைய.”

முதல் லீவில் ஊருக்கு வந்தபோது டாங், நிடோ பால்பவுடர், கோடாலித் தைலம் எல்லாம் பெட்டியில் வந்தன. ஏக்கமும் வந்தது. தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்றார்கள். நான் ஒரு சுற்று பெருத்திருந்தேன். மாமியார் என் கன்னத்தைத் தடவி, “உனக்குன்னு ஒரு நல்ல நாள் உண்டா, பண்டிகை உண்டா அங்கே” என்று கேட்டார். இவர் சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சிரிப்பை அடக்க முடியாத போதெல்லாம் அவருக்குக் கொல்லைப்பக்கம் வேலை வரும்.

இப்போது போகிற பெண்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. வீடியோவில் ஊர்ப்பெரியவர்கள் கூடவே குடியிருக்கிறார்கள். பால் பொங்குவதை மாமியார் நேரில் பார்க்கிறார், திசையும் சொல்கிறார். தீபாவளியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ள வழியில்லை. ஆப்ராவிலும் சிக்னல் கிடைக்கிறது.

அவர்களுக்கு என்னால் செய்ய முடிந்த உதவி ஒன்றுதான். அம்மா கட்டிக்கொடுக்கும் பொருள்களை விமானம் ஏறுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். லேகியத்தை நீங்களே தின்ன வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். குருமாவுக்குத்தான் என்றாலும், பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும், எமிரேட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள்.